சமுதாயக் கல்லூரி நூலகம்: முதலில் பயிற்சி, பிறகு சேவை, கடைசியில் அறிவிப்பு

இந்தியாவின் முதல் சமுதாயக் கல்லூரி 1995-ஆம் ஆண்டில் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின்கீழ் தொடங்கப்பட்டது. அதன் பிறகு தமிழகத்தின் பல ஊர்களில், பெரும்பாலும் ஏற்கெனவே இயங்கிவந்த கல்லூரிகளையும் தொண்டு நிறுவனங்களையும் சார்ந்து, இத்தகைய கல்லூரிகள் உருவாயின. பள்ளிப் படிப்பை இடையில் நிறுத்தியவர்கள், குடும்பப் பொறுப்புகளுக்கு நடுவே ஒரு தொழிலைக் கற்க விரும்பும் பெண்கள், பகலில் வேலைக்குச் சென்று மாலையில் படிப்பவர்கள் ஆகியோரே இங்கு வரும் மாணவர்கள். பல படிப்புகள் ஆறு மாதத்தில் அல்லது ஓராண்டில் முடிந்துவிடும். மூன்றாண்டுப் பட்டப்படிப்பு மாணவருக்கு நூலகத்தைப் பழகிக்கொள்ள முதலாண்டு முழுவதும் கிடைக்கிறது. சமுதாயக் கல்லூரி மாணவரோ நூலகத்தில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்வதற்குள் தேர்வெழுதி வெளியேறிவிடுகிறார். இந்த நூலகத்தின் சேவை, செய்தி, பணியாளர் பயிற்சி ஆகிய மூன்றையும் இந்தக் கால அளவை மனத்தில் வைத்தே திட்டமிட வேண்டும்.

வழக்கமாக நடப்பது இதற்கு நேர்மாறானது. மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வரும். அதில் கண்ட புதிய மின்னூல் வசதி பற்றி அன்றே அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டப்படும். அதைப் படித்துவிட்டு வரும் மாணவியிடம், “எனக்குத் தெரியாதும்மா, சார் வந்த பிறகு கேளுங்க” என்று நூல்களை இரவல் தரும் வழங்கல் மேசையில் இருக்கும் உதவியாளர் சொல்வார். அந்த மாணவி இரண்டாம் முறை கேட்க வருவதில்லை. மேசையில் இருப்பவர் தாமே ஒருமுறை செய்து பார்த்து, பிறருக்கும் செய்துகாட்டக்கூடிய நிலைக்கு வரும்வரை எந்தச் சேவையையும் அறிவிக்கக் கூடாது என்பதை நூலகத்தின் எழுதப்பட்ட விதியாகவே வைத்துக்கொள்ளலாம்.

பணியாளர் பயிற்சி

பெரும்பாலான சமுதாயக் கல்லூரிகளில் நூலகர் ஒருவர், உதவியாளர் ஒருவர் அல்லது இருவர், அலமாரிகளைப் பார்த்துக்கொள்ளும் ஊழியர் ஒருவர் என்ற அளவில்தான் ஆட்கள் இருப்பார்கள். சில இடங்களில் நூலகரே தனியாக எல்லாவற்றையும் கவனிக்க வேண்டியிருக்கும். தயங்கித் தயங்கி வரும் மாணவர் முதலில் பேச்சுக் கொடுப்பது புத்தகத்தை அடுக்கிக்கொண்டிருக்கும் ஊழியரிடம்தான், நூலகரிடம் அல்ல. ஆகவே பயிற்சியிலிருந்து அவரை விலக்கிவைப்பது பயிற்சியையே பாதியாக்குவதாகும். வாரத்தில் ஒரு நாளைக் குறித்துக்கொண்டு, வகுப்புகள் நடக்கும் நேரத்தில், அரை மணி நேரம் எல்லோரும் ஒன்றாக அமர்வது போதுமானது. ஒரு நாளுக்கு ஒரே ஒரு வேலையை எடுத்துக்கொள்ள வேண்டும்.

என்ன கற்பிப்பது என்பதை நூலகர் யோசித்து முடிவுசெய்யத் தேவையில்லை. வழங்கல் மேசையில் ஒரு நோட்டை வைத்து, யார் எதைக் கேட்டார், அது கிடைத்ததா, கிடைக்காவிட்டால் என்ன பதில் சொல்லப்பட்டது என்பதை ஒவ்வொரு வரியாக எழுதிவரச் செய்தால், பாடத்திட்டம் தானாகவே உருவாகிவிடும். கேட்டவரின் பெயரை அதில் எழுதக் கூடாது; படிப்பை மட்டும் குறித்தால் போதும். குளிர்சாதனப் பராமரிப்பு படிப்பவர் தமிழில் புத்தகம் கேட்டுத் திரும்பிப் போயிருந்தால், அடுத்த வாரப் பயிற்சி அதைப் பற்றியதாக இருக்கட்டும்.

நூலகப் பட்டியலில் தமிழ் நூல்களைத் தேடக் கற்பதற்கு ஒரு வாரம் போதாது. அதற்குப் பல வாரங்கள் ஒதுக்க வேண்டும். தமிழ்ப் பெயர்களில் முன்னெழுத்து முதலில் வருவதால், ஒருவர் பதிவு செய்யும்போது முன்னெழுத்தை முன்னாலும் இன்னொருவர் பின்னாலும் இட்டுவிட்டால், ஒரே ஆசிரியர் பட்டியலில் இரண்டு ஆட்களாகிவிடுவார். புனைபெயர்கள் சிக்கலை இன்னும் பெருக்குகின்றன: புதுமைப்பித்தன் என்று தேடுபவருக்கும் சொ. விருத்தாசலம் என்று தேடுபவருக்கும் ஒரே நூல்கள் கிடைக்க வேண்டுமானால் ஒரு பெயரிலிருந்து மற்றதற்கு இணைப்புப் பதிவு இருந்தாக வேண்டும். யூனிகோடு பரவுவதற்கு முன்பு வெவ்வேறு எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்ட பழைய பதிவுகள் திரையில் குப்பையாகத் தெரிந்தால், அவற்றை எழுத்துரு மாற்றியின் உதவியால் யூனிகோடுக்குக் கொண்டுவருவதை உதவியாளர் அன்றாட வேலையின் ஒரு பகுதியாகவே செய்யலாம். நியூசிலாந்தில் உருவாகி 2000-ஆம் ஆண்டிலிருந்து கட்டணமின்றிக் கிடைக்கும் கோஹா என்ற நூலக மேலாண்மை மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்கள், தேடல் அட்டவணை யூனிகோடு எழுத்துகளைச் சரியாகக் கையாளும் ஐ.சி.யூ. முறையில் அமைக்கப்பட்டிருக்கிறதா என்று அதை நிறுவியவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். அப்படி அமைக்காவிட்டால் அலமாரியில் இருக்கும் தமிழ் நூல்கூடத் தேடலில் அகப்படாமல் போகலாம். இவற்றையெல்லாம் உதவியாளருக்கு விளக்கிச் சொல்வதைவிட, நோட்டில் உள்ள பத்துக் கேள்விகளைக் கொடுத்துத் தேடச் சொல்லி, எங்கே தடுமாறுகிறார் என்று பக்கத்தில் இருந்து பார்ப்பது நல்லது.

வெளிப் பயிற்சிகளைப் பொறுத்தவரை, பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018-ஆம் ஆண்டு விதிமுறைகள் கல்லூரி நூலகரின் பதவி உயர்வுக்குப் பயிற்சி வகுப்புகளில் பங்கேற்றிருப்பதையும் கணக்கில் கொள்கின்றன. பல்கலைக்கழகங்களில் உள்ள மாளவியா மிஷன் ஆசிரியர் பயிற்சி மையங்கள் பணியில் இருப்போர் தம் அறிவைப் புதுப்பித்துக்கொள்ளும் புத்தொளிப் பயிற்சிகளை நடத்துகின்றன. மத்திய அரசின் இணையவழிப் பாடத் தளமான ஸ்வயத்திலும் நூலக அறிவியல் பாடங்கள் உண்டு. நூலகர் செல்வதற்கு வழி இருக்கிறது. உதவியாளருக்கும் ஊழியருக்கும் அப்படி வழி அமைவது அரிது. அவர்களை ஆண்டுக்கு ஒருமுறையேனும் நல்ல நூலகம் ஒன்றுக்கு அழைத்துச் செல்வதற்குக் கல்லூரி நிர்வாகத்திடம் அனுமதி கேட்க வேண்டும். சென்னைக்கு அருகில் இருப்பவர்களுக்குக் கோட்டூர்புரத்தில் 2010-இல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகமும், தென் மாவட்டத்தவருக்கு மதுரையில் 2023-இல் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகமும் ஏற்றவை. அங்கே கட்டடத்தை அண்ணாந்து பார்ப்பதோடு நின்றுவிடாமல், மாற்றுத்திறனாளிகளுக்கான பிரிவிலும் போட்டித் தேர்வுப் பிரிவிலும் பணியாளர்கள் எப்படிப் பேசுகிறார்கள், எதைக் கேட்டு எதைத் தருகிறார்கள் என்று ஒரு மணி நேரம் நின்று கவனிக்கச் சொல்லுங்கள்.

படிவத்தை நிரப்பிய மறுநிமிடமே சான்றிதழ் மின்னஞ்சலில் வந்துவிடும் ஒருநாள் இணையக் கருத்தரங்குகளை நான் பயிற்சிக் கணக்கில் சேர்ப்பதில்லை. எந்தப் பயிற்சிக்குப் போய்வந்தவரும் அடுத்த வார அரை மணி நேரத்தில் தாம் கற்ற ஒன்றை மற்றவர்களுக்குச் செய்துகாட்ட வேண்டும் என்று ஏற்பாடு செய்துவிட்டால், எது பயிற்சி, எது சான்றிதழ் என்பது தானே தெரிந்துவிடும்.

சேவைகள்

சிறிய நூலகம் பத்துச் சேவைகளை அரைகுறையாகத் தருவதைவிட நான்கைந்தை முழுமையாகத் தருவதே மேல். மாலை வகுப்பு நடக்கும் கல்லூரியில் நூலகத்தை ஐந்து மணிக்குப் பூட்டிவிட்டு வேறு எந்த வசதியைக் கொடுத்தாலும் பயனில்லை என்பதால், திறந்திருக்கும் நேரத்தை வகுப்பு நேரத்தோடு பொருத்துவதுதான் முதல் வேலை. ஆள் போதாவிட்டால் காலையில் தாமதமாகத் திறக்கலாம்.

அடுத்தது தொழிற்பாட நூல்கள். சென்னையில் 1986-இல் நிறுவப்பட்ட தேசியக் கற்பித்தல் ஊடக நிறுவனம், நிமி என்று சுருக்கமாக அழைக்கப்படுவது, தொழிற்பயிற்சி நிலையங்களுக்கான பாடநூல்களைத் தொழிற்கோட்பாடு, தொழில் செய்முறை என்று தனித்தனியாக வெளியிடுகிறது. மின்பணியாளர், பொருத்துநர் போன்ற பல தொழில்களுக்கு அவை தமிழிலும் கிடைக்கின்றன. சமுதாயக் கல்லூரியின் பாடத்திட்டம் இவற்றோடு முழுமையாக ஒத்துப்போகாது. எனினும், செய்முறைப் படங்களுக்காகவே இவற்றை வாங்கிவைக்கலாம். ஒவ்வொரு நூலிலும் ஒரு படியை இரவல் தராமல் பார்வைப் பகுதியில் நிறுத்திக்கொள்ள வேண்டும். மத்திய அரசின் பாரத் ஸ்கில்ஸ் தளத்தில் தொழிற்பயிற்சிப் பாடப்பொருள்களைக் கட்டணமின்றிப் பார்க்கலாம். மாணவர்களில் பெரும்பாலோரிடம் கணினி இல்லை, கைப்பேசி இருக்கிறது. ஆகவே உதவியாளர் இந்தத் தளத்தைத் தம் கைப்பேசியில் திறந்து பழகியிருக்க வேண்டும்.

மின்னிதழ்கள் விஷயத்தில் கவனம் தேவை. பல்கலைக்கழக, கல்லூரி நூலகங்களை இணைப்பதற்காகக் காந்திநகரில் உள்ள இன்ஃபிலிப்நெட் மையத்தின் என்-லிஸ்ட் திட்டம் 2010 முதல் கல்லூரிகளுக்கு மின்னூல்களையும் மின்னிதழ்களையும் வழங்கிவருகிறது. 2024 நவம்பர் 25 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம் 2025 முதல் 2027 வரையிலான மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கி, 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்களைத் தருகிறது. ஆனால் அது மத்திய, மாநில அரசுகளின் நிர்வாகத்தில் உள்ள உயர்கல்வி நிறுவனங்களையும் மத்திய அரசின் ஆய்வு நிறுவனங்களையும் கருதி அமைக்கப்பட்டது. அறக்கட்டளை நடத்தும் சமுதாயக் கல்லூரி, செய்தித்தாளில் படித்ததை நம்பித் தன் மாணவர்களுக்கும் உண்டு என்று அறிவித்துவிடக் கூடாது. அரசுக் கல்லூரி வளாகத்திற்குள் இயங்கும் சமுதாயக் கல்லூரியானால், அதன் மாணவர்களுக்கும் கணக்கு தர முடியுமா என்பதை அந்தக் கல்லூரியின் நூலகரிடம் எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். கரகபூர் ஐ.ஐ.டி. உருவாக்கிய தேசிய மின்னூலகத்திலும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் இத்தகைய தடை இல்லை. உண்மையைச் சொன்னால், தையலும் உணவு தயாரிப்பும் முதியோர் பராமரிப்பும் படிக்கிறவர்களுக்கு ஆய்விதழ்களைவிட இவையும் நிமி நூல்களுமே அதிகம் பயன்படும்.

பார்வைக் குறைபாடுள்ள மாணவர் ஒருவர் சேர்ந்த பிறகு ஏற்பாடுகளைத் தொடங்கினால் அவருடைய படிப்புக் காலமே முடிந்துவிடும் என்பதால், நூலகக் கணினி ஒன்றில் திரையில் உள்ளதைக் குரலில் படித்துக்காட்டும் என்.வி.டி.ஏ. என்ற இலவசத் திரைவாசிப்பு மென்பொருளை முன்கூட்டியே நிறுவித் தமிழ்க் குரலையும் சோதித்து வைக்க வேண்டும். அச்சு நூலைப் படிக்க இயலாதவர்களுக்கான சுகம்ய புஸ்தகாலயா இணைய நூலகத்தில் உறுப்பினராகும் வழியையும் தெரிந்துகொள்ளுங்கள். இத்தகைய மாணவருக்காக ஒரு நூலை ஒலி, பிரெயில் போன்ற அணுகத்தக்க வடிவத்திற்கு மாற்றித் தருவதைப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, 2012-ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பிறகு, வெளிப்படையாகவே அனுமதிக்கிறது. பதிப்புரிமை என்று சொல்லி மறுக்கும் வழக்கத்தைக் கைவிட வேண்டும்.

செய்தி அறிவிப்பு

செய்தி என்பது நூலகத்தின் பெருமையைப் பறைசாற்றுவதற்கு அல்ல, ஒரு மாணவர் இன்று வந்து பயன்படுத்திக்கொள்வதற்கு. ஆகஸ்ட் 12 அன்று நூலகர் தின விழா நடந்தது, இந்திய நூலக அறிவியலின் தந்தை எனப்படும் இரங்கநாதன் படத்திற்கு மாலை அணிவிக்கப்பட்டது, கல்லூரி முதல்வர் தலைமை தாங்கினார் என்ற செய்தியை வெளியிடுவதில் தவறில்லை. அதைப் படித்து யாரும் நூலகத்துக்கு வருவதில்லை, அவ்வளவுதான்.

“நமது நூலகத்தில் பல்வேறு மின்வளங்கள் உள்ளன. மாணவர்கள் அனைவரும் பயன்படுத்திப் பயன்பெறுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்” என்ற அறிவிப்பு எங்கும் காணக்கூடியது. யார், எதை, எங்கே, எப்போது என்ற எதுவுமே அதில் இல்லை. அதையே இப்படி எழுதலாம்: “மின்பணியாளர் படிப்பு மாணவர்களுக்கு: வீட்டு மின்கம்பி இணைப்புப் படங்கள் உள்ள தமிழ் நூல் மூன்று படிகள் வந்துள்ளன. இரண்டாம் அலமாரி, மேல் தட்டு. இரவல் ஏழு நாள். கைப்பேசியில் பார்க்க வேண்டுமானால் மாலை ஆறு மணிக்குள் மேசைக்கு வாருங்கள், திறந்து தருகிறோம்.” ஓர் அறிவிப்பு, ஒரு படிப்பு, ஒரு பொருள். எல்லாருக்கும் பொதுவாக எழுதப்பட்டதைத் தமக்கென்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை.

அறிவிப்பைப் படமாக வடிவமைத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவது இப்போது பழக்கமாகிவிட்டது. படத்தில் உள்ள எழுத்தைப் பின்னர் ஒரு சொல்லை உள்ளிட்டுத் தேட முடியாது; திரைவாசிப்பு மென்பொருளும் அதைச் சரியாகப் படித்துக்காட்டும் என்று நம்ப முடியாது; ஆகவே அதே செய்தியை எழுத்தாகவும் அனுப்ப வேண்டும். நீண்ட காலம் படிப்பை விட்டிருந்த மாணவர்களுக்கு, உதவியாளர் தம் குரலில் அரை நிமிடம் பேசிய ஒலிப்பதிவு இன்னும் எளிதில் சென்று சேரும். மறுநாள் நூலகத்தில் அந்தக் குரலை அடையாளம் கண்டுகொண்டு பேசத் துணிவார்கள். குழுவில் நூலகத்தார் மட்டும் பதிவிடும்படி அமைத்து, வாரத்துக்கு ஒன்று அல்லது இரண்டு செய்திகளோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். பலகையிலும் குழுவிலும் நூலைத் திருப்பித் தராதவர்களின் பெயர்ப் பட்டியலை வெளியிடும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அதை இன்றே நிறுத்திவிட்டு, உரியவரைத் தனியாக அழைத்துச் சொல்லுங்கள். வேலைக்கும் வீட்டுக்கும் நடுவே தவிக்கிறவர் பலகையில் தம் பெயரைக் கண்டால் நூலும் திரும்பாது, அவரும் திரும்பமாட்டார்.

ஒவ்வொரு அறிவிப்பையும் வெளியிட்ட தேதியோடு ஒரு கோப்பில் சேர்த்து, அதன் பக்கத்தில் அடுத்த பத்து நாட்களில் அதைக் கேட்டு வந்தவர்களின் எண்ணிக்கையை மேசை நோட்டிலிருந்து எடுத்து எழுதிவாருங்கள். யாருமே வராத அறிவிப்பைத் திரும்ப ஒட்டுவதற்கு முன், குறை வாசகத்திலா, நேரத்திலா, சேவையிலா என்று வார அரை மணி நேரத்தில் எல்லோருமாகப் பேச வேண்டும். அலமாரி ஊழியரையே முதலில் பேச விடுங்கள். தரமதிப்பீட்டுக் குழு வரும் ஆண்டில் நூலகச் சேவைக்கான சான்று கேட்டால், அந்தக் கோப்பை அப்படியே எடுத்து வைக்கலாம்.