நகல் வாட்ச்சுக்கு உதிரிபாகம் வாங்கப் போகிறீர்களா? அந்தக் காசில் நல்ல வாட்ச்சே கட்டலாம்: சீகோ மாட் செய்முறை

டர்பன் கடைத்தெருவில் வாங்கிய நகல் வாட்ச்சுக்கு நல்ல கண்ணாடி போடலாமா, உள்ளே வேறு மூவ்மென்ட் (வாட்ச்சை ஓட்டும் இயந்திரம்) மாற்றலாமா என்று கேட்பவர்கள் அதிகம். முடியும். ஆனால் காசுக்கு ஏற்ற வேலை அல்ல. நகல் வாட்ச்சில் எந்த அளவும் நிலையானதில்லை. பார்க்க ஒன்றுபோல இருக்கும் இரண்டு வாட்ச்சில் டயலின் அடியில் உள்ள கால்கள் வேறு இடத்தில் இருக்கும், கிரவுனின் (பக்கவாட்டில் திருகும் குமிழின்) உயரம் வேறாக இருக்கும். கண்ணாடி பொருந்தினால் முள் பொருந்தாது, முள் பொருந்தினால் ஸ்டெம் (கிரவுனை மூவ்மென்ட்டோடு இணைக்கும் கம்பி) கேஸில், அதாவது வெளிக்கூட்டில் இடிக்கும்.

இன்னொன்று சட்டம். தென்னாப்பிரிக்காவின் போலிப் பொருள் சட்டம் (1997-ஆம் ஆண்டின் 37-ஆம் எண் சட்டம்) உதிரிபாகத்துக்கும் பொருந்தும். பெரிய கம்பெனியின் பெயரும் சின்னமும் அச்சடித்த போலி டயலைச் சுங்கத்தில் தடுத்து வைத்தால் போன காசு போனதுதான். எழுத்தில்லாத வெறும் டயல் வாங்குங்கள். அழகும் அதில்தான்.

அளவுகள் ஒழுங்காக இருக்கும் ஒரே பெரிய உலகம் ஜப்பானிய சீகோ கம்பெனியின் எஸ்கேஎக்ஸ்007 டைவர் வாட்ச் வகைதான். அந்த மாடலை சீகோ 2019 வாக்கில் நிறுத்திவிட்டது. ஆனாலும் அதற்கான கேஸ், பெசல் (கண்ணாடியைச் சுற்றிய வளையம்), கண்ணாடி, டயல் எல்லாம் வெளியார் தயாரிப்பாக இன்றும் குவிந்து கிடக்கின்றன. கீழே உள்ளது அந்த வகை வாட்ச்சை உதிரிபாகம் சேர்த்து நாமே கட்டும் 'மாட்' செய்முறை.

என்ன வாங்க வேண்டும்

மூவ்மென்ட்: என்எச்35. சீகோ வெளியாருக்கு விற்கும் ஆட்டோமேட்டிக், அதாவது கை அசைவில் தானே சாவி ஏறும் வகை. மணிக்கு 21,600 துடிப்பு, 24 கல் (தேய்மானம் குறைக்கும் செயற்கை மாணிக்கம்), முழுச் சாவிக்கு 41 மணி நேரம் ஓடும். பழைய எஸ்கேஎக்ஸில் இருந்த 7எஸ்26-க்குக் கையால் சாவி கொடுக்க முடியாது, கிரவுனை இழுத்தால் நொடி முள்ளும் நிற்காது. என்எச்35-இல் இரண்டும் உண்டு. கிழமையும் வேண்டுமென்றால் என்எச்36. தேதியே வேண்டாமென்றால் என்எச்38. முதல்முறை செய்பவருக்கு நான் சொல்வது என்எச்38-தான். தேதி இல்லாவிட்டால் தலைவலியில் பாதி குறையும்.

கேஸ் வாங்கும்போது கிரவுன் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். 3 மணி இடத்தில் உள்ளது ஒரு வகை. எஸ்கேஎக்ஸ் போல 4 மணியை ஒட்டி, விற்பவர்கள் 3.8 என்று எழுதுவது இன்னொரு வகை. இது அழகு விஷயம் மட்டும் அல்ல. கிரவுன் 3.8-இல் இருந்தால் மூவ்மென்ட்டே கேஸுக்குள் சற்றுத் திரும்பி உட்காரும். தேதிச் சக்கரமும் அதற்கென அச்சடித்ததாக இருக்க வேண்டும். மாற்றிப் போட்டால் ஜன்னலில் தேதி சாய்ந்து, பாதி மறைந்து தெரியும். மூவ்மென்ட் ஆர்டர் போடும்போதே எந்தச் சக்கரம் என்று கேட்டு வாங்குங்கள்.

டயல் 28.5 மி.மீ. கண்ணாடி 31.5 மி.மீ. சஃபையர். முள்களின் துளை: மணி 1.5, நிமிடம் 0.9, நொடி 0.2 மி.மீ. இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. சுவிஸ் ஈடிஏ 2824-க்கான முள் செட்டில் மணியும் நிமிடமும் இதே அளவு, நொடி மட்டும் 0.25. முதல் இரண்டும் கச்சிதமாக உட்காரும், நொடி முள் கழன்று கண்ணாடிக்கடியில் ஆடும். பட்டியலில் "என்எச்35-க்கு" என்று எழுதியிருந்தால் மட்டும் வாங்குங்கள்.

வெளிநாட்டிலிருந்து வரும் பார்சலுக்கு 15% வாட், சுங்கத் தீர்வை, கூரியர் கட்டணம் என்று சேரும். துண்டு துண்டாக ஆர்டர் போடாமல் ஒரே கடையில் சேர்த்து வாங்கினால் மிச்சம்.

கருவிகள்

காசு போட வேண்டியவை: முனை வளையாத நல்ல இடுக்கி ஒன்று, முள் அழுத்தி, 10 மடங்கு பெரிதாக்கும் லூப் (கண்ணில் வைக்கும் லென்ஸ்), 0.01 மி.மீ. காட்டும் காலிப்பர், கடினக் கம்பி வெட்டும் கட்டர். மலிவில் போதுமானவை: மூவ்மென்ட் தாங்கி, காற்றுப் பம்பு, விரல் உறை, பின்மூடி திறப்பான், ரோடிகோ எனப்படும் பச்சைக் களிமண். பத்துப் பதினைந்து கருவி சேர்ந்த பெட்டி வாங்காதீர்கள். அதில் வரும் திருப்புளி முதல் திருகிலேயே மழுங்கிவிடும். கண்ணாடி அழுத்தும் பிரஸ் ஒரே ஒரு வாட்ச்சுக்காக வேண்டாம், கண்ணாடி பொருத்திய கேஸாகவே வாங்கிவிடுங்கள்.

லோட்ஷெட்டிங் அட்டவணை மறுபடி வந்தால் அதைப் பார்த்துவிட்டு உட்காருங்கள். நொடி முள்ளை இடுக்கியில் பிடித்திருக்கும்போது விளக்கு அணைந்தால் அந்த முள்ளை மறந்துவிட வேண்டியதுதான். தலையில் மாட்டும் சார்ஜ் விளக்கு ஒன்று இருந்தால் நல்லது.

ஸ்டெம்மை எடுப்பது

கிரவுன் முழுக்க உள்ளே இருக்கும் நிலையில் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டெம் உள்ளே நுழையும் இடத்துக்குப் பக்கத்தில் சிறிய குழி போட்ட ஒரு நெம்புத்தகடு தெரியும். கிரவுனை வெளியே இழுத்திருந்தால் அது தெரியாது. மெல்ல அழுத்திக்கொண்டே ஸ்டெம்மை நேராக இழுங்கள், வந்துவிடும். அழுத்தம் அதிகமானால் அந்தத் தகடு தன் இடத்தை விட்டு நழுவிவிடும். பிறகு டயல் பக்கம் முழுக்கப் பிரிக்காமல் சரி செய்ய முடியாது.

டயல்

வெளியார் டயல்களில் பெரும்பாலும் நான்கு கால் இருக்கும். இரண்டு 3 மணி கிரவுனுக்கு, இரண்டு 3.8-க்கு. உங்களுக்கு வேண்டாத இரண்டையும் ஒட்ட வெட்டி அரத்தால் தேய்க்க வேண்டும். வெட்டுமுன் டயலை மூவ்மென்ட் மேல் பிடித்து, தேதி ஜன்னலையும் ஸ்டெம் வாசலையும் ஒப்பிட்டுப் பாருங்கள், ஒன்றுக்கு இரண்டு முறை. என்எச் வகையில் டயலைப் பிடிக்கத் திருகு கிடையாது. பிளாஸ்டிக் வளையத்தில் உள்ள துளைகளில் கால்கள் இறுகி உட்காரும், அவ்வளவுதான். ஓரத்தில் சமமாக அழுத்தினால் போதும்.

ஸ்டெம் வெட்டுவது

முதல்முறை செய்பவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தோற்கிறார்கள். முள் போடுமுன் இதை முடித்துவிடுங்கள், ஏனென்றால் மூவ்மென்ட்டைக் கேஸுக்குள் போட்டு எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். டயல் மட்டும் இருக்கட்டும், அதுவும் இல்லாவிட்டால் உயரம் மாறும்.

திருகி மூடும் கிரவுனுக்குள் ஒரு ஸ்பிரிங் இருக்கிறது. மூடும்போது அது அமுங்கும். பலர் சொல்லும் "இடைவெளியை அளந்து அதே அளவு வெட்டு" என்ற கணக்கு இந்த ஸ்பிரிங்கை மறந்துவிடுகிறது. அப்படி வெட்டினால் ஸ்டெம் குட்டையாகிவிடும்.

இரண்டு அளவு எடுக்க வேண்டும். முதலாவது: வெட்டாத ஸ்டெம்மில் கிரவுனைக் கடைசி வரை திருகி, மூவ்மென்ட்டுக்குள் செருகி, சாவி கொடுக்கும் நிலைக்குத் தள்ளுங்கள். ஸ்பிரிங்கை அமுக்காமல், கிரவுனின் அடி விளிம்புக்கும் கேஸுக்கும் உள்ள இடைவெளியை அளங்கள். இரண்டாவது: ஸ்டெம் இல்லாமல் வெறும் கிரவுனைக் கேஸில் அது திருகி உட்காரும் குழாய் மேல் வைத்து, மரை தொட்டுக்கொண்டு நிற்கும் நிலையில், ஒரு சுற்றும் திருகாமல், அதே இடைவெளியை அளங்கள். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் வருவதே வெட்ட வேண்டிய நீளம். முதலாவது 6.0, இரண்டாவது 1.5 என்றால் 4.5 மி.மீ.

ஆனால் 4.5-ஐ ஒரே வெட்டில் வெட்டாதீர்கள். 4.0 வெட்டி, மீதியை அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து, ஒவ்வொரு முறையும் போட்டுப் பாருங்கள். கடைசி 0.2 மி.மீ. அப்படியே இருக்கட்டும். வெட்டுவது மரை உள்ள முனையில்தான். துண்டு கண்ணை நோக்கித் தெறிக்கும், கண்ணாடி அணியுங்கள். வெட்டிய முனையில் நிற்கும் பிசிரைச் சரிவாகத் தேய்த்து எடுக்காவிட்டால் கிரவுனுக்குள் உள்ள மரை கெடும்.

அளவு தவறினால் வாட்ச்சே சொல்லிவிடும். கிரவுன் மரையை எட்டவே இல்லை, அல்லது பலமாக அமுக்கினால்தான் பிடிக்கிறது என்றால் ஸ்டெம் நீளம். தேய்த்தால் சரியாகும். மரையைக் கழற்றிய பிறகும், சாவி கொடுக்கும்போது கிரவுன் குழாயில் உரசிக்கொண்டே சுற்றினால் ஒரு மயிரிழை குட்டை. திருகி மூடிய பிறகும் தேதி நிலையிலேயே நின்றால் ரொம்பக் குட்டை. இதற்கு மருந்து இல்லை, புது ஸ்டெம்தான். அதனால் ஆர்டர் போடும்போதே இரண்டு ஸ்டெம் வாங்கிவிடுங்கள், விலை ஒன்றும் அதிகமில்லை.

எல்லாம் சரியான பிறகு லாக்டைட் 222 (மரை கழலாமல் பிடிக்கும் பசை) ஊசிமுனையளவு தொட்டு மரையில் வைத்துத் திருகி, 24 மணி நேரம் விடுங்கள். சிவப்பு நிறத்தில் வரும் வலுவான வகையை வைத்தால் பிறகு கழற்றவே முடியாது.

முள்கள்

கிரவுனை முழுக்க இழுத்து, முள் இல்லாத மூவ்மென்ட்டை முன்னோக்கிச் சுற்றிக்கொண்டே இருங்கள். தேதி மாறி முடியும் அந்த இடத்தில் நிறுத்துங்கள். இப்போது மூவ்மென்ட்டின் கணக்குப்படி மணி 12. மணி முள்ளை 12-க்கு நேராக வைத்து அழுத்துங்கள், அதன்மேல் நிமிட முள்ளையும் 12-க்கு. இதைச் செய்யாமல் போட்டால் உங்கள் வாட்ச்சில் தேதி மாலை ஐந்துக்கு மாறும். தேதியே இல்லாத என்எச்38 என்றால் அந்த இடத்தைத் தேட வேண்டாம், நேராக 12-க்கு வையுங்கள்.

பிறகு பன்னிரண்டு மணி நேரமும் சுற்றிப் பாருங்கள். ஒவ்வொரு மணிக்கும் மணி முள் குறியீட்டின் மேல் சரியாக நிற்க வேண்டும். பக்கவாட்டில் லூப் வைத்துப் பார்த்தால் முள்ளுக்கும் முள்ளுக்கும் நடுவே ஒளிக்கோடு தெரிய வேண்டும்.

நொடி முள்ளுக்குக் கிரவுன் இழுத்தே இருக்கட்டும், அச்சு அசையாது. முள்ளை ரோடிகோவின் நுனியில் ஒட்டித் தூக்கி அச்சின்மேல் வையுங்கள். துளையும் அச்சும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்துவிட்டால் முள் படுத்த நிலையில் தானே நிற்கும், ஒருபக்கம் சாயாது. சாய்ந்தால் அழுத்தாதீர்கள். சாய்ந்த நிலையில் அழுத்தினால் 0.2 மி.மீ. குழல் நசுங்கும், சில வேளை அச்சே வளையும். அழுத்தும்போது மூவ்மென்ட்டுக்கு அடியில் உறுதியான தாங்கல் வேண்டும். பின்பக்கம் சுழலும் எடைத்தகடான ரோட்டாரின்மேல் நிற்க வைத்து அழுத்தாதீர்கள்.

மூடுவது

டர்பனில் ஜனவரி, பிப்ரவரி காற்றில் ஈரம் பிழியலாம். அந்தக் காற்றையே உள்ளே வைத்து மூடினால், ஏசி அறைக்குள் போனதும் கண்ணாடியில் பனி படியும். ஏசி ஓடும் அறையில், சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் சில மணி நேரம் வைத்திருந்து மூடுங்கள். ஜோஹானஸ்பர்க் பக்கம், லெனேசியாவில் இருப்பவர்களுக்குக் கவலை வேறு: குளிர்காலத்து வறண்ட காற்றில் மின்னேற்றம் ஏறி, தூசி கண்ணாடியின் உட்புறம் ஒட்டிக்கொண்டு வராது. ஊதினால் இடம்தான் மாறும். ரோடிகோவால் தொட்டு எடுங்கள்.

பின்மூடியின் ரப்பர் வளையத்துக்கும் கிரவுன் வளையத்துக்கும் சிலிகான் கிரீஸ் பளபளப்பு தெரியும் அளவுக்கு மட்டும். அழுத்தச் சோதனை செய்யாத வாட்ச்சோடு கடலில் இறங்காதீர்கள், கேஸில் 200 மீட்டர் என்று பொறித்திருந்தாலும் சரி.

ஓட்டத்தைச் சரிபார்க்க, துடிப்பைக் கேட்டு அளக்கும் டைம்கிராஃபர் கருவியில் லிஃப்ட் ஆங்கிள் என்ற அமைப்பை 53 என்று வைக்க வேண்டும். நாளொன்றுக்கு −20 முதல் +40 நொடி வரை தொழிற்சாலை ஏற்கும் எல்லை. பேலன்ஸ் (முன்னும் பின்னும் ஆடும் சக்கரம்) மேலுள்ள இரண்டு நெம்பில் + − குறியை ஒட்டிய ஒன்றை மட்டும் தொடுங்கள். கண்ணுக்குத் தெரிந்து நகர்ந்தால் அது அதிகம்.

பிற்சேர்க்கை

படித்துவிட்டுக் கேட்டவர்களுக்காக மூன்று விஷயம்.

உள்ளே ஈரம் இருக்கிறதா என்று எப்படித் தெரியும்? வாட்ச்சை 40 டிகிரி வரை சூடான தட்டில் வைத்துச் சூடேற்றி, கண்ணாடிமேல் ஒரு சொட்டு சாதாரணத் தண்ணீர் விட்டு ஒரு நிமிடம் பொறுத்துத் துடையுங்கள். சொட்டு இருந்த இடத்தில் உட்புறம் மூட்டம் தெரிந்தால் ஈரம் உண்டு.

தேதியை விரைவாக மாற்றும் நிலையை இரவு 9 முதல் பின்னிரவு 3 வரை பயன்படுத்தாதீர்கள். பற்சக்கரம் அப்போது ஏற்கெனவே பிடித்திருக்கும், பல் உடையலாம். முள் போடும்போது தேதி சரியாக 12-க்கு மாறும்படி வைத்திருந்தால்தான் இந்த நேரக் கணக்கும் பொருந்தும்.

வெள்ளை நைலான் வாரில் காவடியன்று மஞ்சள் தண்ணீர் பட்ட கறை எதற்கும் போகாது. வெயிலில் போட்டால் கொஞ்சம் வெளிறும். கோயிலுக்குப் போகும்போது கறுப்பு ரப்பர் வார் மாட்டிக்கொள்ளுங்கள், 22 மி.மீ.