தனுஷ்கோடி மணல்ல ஹாட் ஹேட்ச் (பவர் கூடுன சின்ன ஹேட்ச்பேக் கார்) சிக்கிக்கிட்டா

அரிச்சல்முனை ரோட்டுல காத்துக்கு மணல் ஏறிக் கெடக்கும், ஓரமா ஒதுக்குனா முன் வீல் ஒண்ணு மட்டும் சும்மா சுத்தும், கார் நகராது. எலக்ட்ரானிக் டிஃப்ரென்ஷியல்னு சொல்றாங்கல்ல, 2009 ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் ஜிடிஐ கார்ல வந்த எக்ஸ்டிஎஸ் மாதிரி, அது வளைவுல லேசாகுற உள்பக்க வீலுக்கு பிரேக் புடிச்சு இழுவைய அடுத்த வீலுக்கு அனுப்புறதுதான், மணலுக்கு செஞ்சது இல்லங்க.

ட்ராக்‌ஷன் கன்ட்ரோல், அதாவது வீல் வழுக்கி சுத்துனா அடக்குற சிஸ்டம், மணல்ல இஞ்சின் பவரையே குறைச்சிடும், அதனால பட்டன அமுக்கி ஆஃப் பண்ணுங்க, ஸ்டியரிங் நேரா இருக்கட்டும், செகண்ட் கியர்ல பைய ஆக்ஸிலேட்டர் குடுங்க. வீல் சுத்துனா உடனே கால எடுத்துருங்க, போன ஆடியில நான் எடுக்காம விட்டு பம்பர் வரைக்கும் புதைஞ்சிருச்சு, வீலுக்கு முன்னாடி மணல கையால தள்ளி பனை மட்டை போட்டுத்தான் ஏத்துனேன். டயர் காத்த 20 பிஎஸ்ஐ வரைக்கும் எறக்குங்க. தார் ரோட்டுக்கு வந்ததும் ட்ராக்‌ஷன ஆன் பண்ணிருங்க, காத்து நிரப்புற வரைக்கும் வேகம் வேணாம்.