கடலாட்டமும் பறவை நோக்கலும்: தவீராவில் நான் கண்ட வழி

போர்த்துகலின் தென்கரைப் பகுதியான அல்கார்வேக்குக் குடும்பத்தோடு சென்றால் பிள்ளைகளுக்கு மணலும் அலையும் வேண்டும். எனக்கோ பறவை பார்க்க, 1987இல் இயற்கைப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட ரியா ஃபொர்மோசா காயல் வேண்டும். இந்த இழுபறி தீர்ந்தது, தங்கும் ஊராகத் தவீராவைத் தேர்ந்த பிறகுதான். ஊரிலிருந்து, தீவுக் கடற்கரைக்குப் படகு புறப்படும் குவாத்ரு ஆகுவாஷ் துறைக்குச் செல்லும் சாலை உப்பளங்களின் நடுவே போவதால், கடலுக்குப் போகும் வழியே பறவை பார்க்கும் வழியுமாயிற்று.

ஆயினும் வெயில் ஏறிவிட்டால் பாத்திகளின்மேல் கானல் எழுந்து, பைனாகுலரில் எல்லாம் நெளியத் தொடங்கும். எனவே மற்றவர்கள் உறங்கும் விடியற்காலையில் தனியே நடந்து, காலை உணவுக்குள் திரும்பிவிடுவதை வழக்கமாக்கிக்கொண்டேன். கோணமூக்கு உள்ளான் என்னும் நீர்க்கரைப் பறவை மேல்நோக்கி வளைந்த அலகைப் பக்கவாட்டில் வீசி வீசி இரை தேடும். பூநாரையோ தலையைக் கவிழ்த்து, மேலலகு அடியில் இருக்கும்படி வைத்து நீரை வடிகட்டும். பின்னர் படகுத்துறைக்குப் போகும் வழியில் இதை மகளுக்குக் காட்டியபோது, பைனாகுலரை அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள் (திரும்பப் பெறுவதுதான் பெரும்பாடு).

முக்காலியும் பெரிய தொலைநோக்கியும் இந்தப் பயணத்திற்குத் தேவையில்லை. அவற்றைக் கடற்கரையில் காவல் காப்பதற்கே பொழுது போய்விடும். 8 மடங்கு பெருக்கும் பைனாகுலர் ஒன்றே போதும்.