பவர் பிளானை மாற்றினால் கேம் வேகமாக ஓடுமா?

கேம் திக்கித் திக்கி ஓடுகிறது என்று யாரிடம் கேட்டாலும் முதலில் வரும் பதில், "ஹை பெர்ஃபார்மன்ஸ் போட்டுப் பார்" என்பதுதான். அது விண்டோஸில் உள்ள பவர் பிளான்களில் ஒன்று, கம்ப்யூட்டர் வேகத்துக்கு முன்னுரிமை தர வேண்டுமா, மின்சார சேமிப்புக்கா என்று சொல்லும் அமைப்புதான் பவர் பிளான். டெஸ்க்டாப் வைத்திருந்து, அது ஏற்கெனவே பேலன்ஸ்ட் பிளானில் இருந்தால், பெரும்பாலும் எஃப்பிஎஸ்ஸில் (ஒரு நொடிக்குத் திரையில் வரும் படங்களின் எண்ணிக்கை) கண்ணுக்குத் தெரியும் மாற்றம் வராது. ஏனென்றால் பேலன்ஸ்ட் என்பது பிராசஸரின் உச்ச வேகத்தைக் குறைப்பதில்லை, வேலை இல்லாத நேரத்தில் மட்டும் இறங்க விடுகிறது, கேம் ஓடும்போது வேலை வந்துகொண்டே இருப்பதால் அது தானாகவே மேலே ஏறிவிடும். 2015இல் வந்த இன்டெல் ஸ்கைலேக் பிராசஸர்களிலிருந்து இந்த ஏற்ற இறக்கத்தை சிப்பே மில்லி செகண்டுகளில் பார்த்துக்கொள்கிறது. அதற்கு முந்தைய பழைய மெஷின் என்றால் ஹை பெர்ஃபார்மன்ஸ் போட்டுப் பார்ப்பதில் அர்த்தம் உண்டு, சின்னச் சின்னத் திணறல்கள் குறையலாம். கிராபிக்ஸ் கார்டின் வேகத்தை அதன் டிரைவர்தான் முடிவு செய்கிறது, அங்கே பவர் பிளானுக்குப் பெரிய வேலை இல்லை.

சரி, அப்படியானால் எதைப் பார்க்க வேண்டும்? கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸைத் திறந்து, பவர் சேவர் தேர்வாகி இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் உடனே மாற்றுங்கள், அது நிஜமாகவே வேகத்தைக் குறைக்கும். அப்புறம் சேஞ்ச் பிளான் செட்டிங்ஸ், அதற்குள் அட்வான்ஸ்ட் செட்டிங்ஸ், அங்கே பிராசஸர் பவர் மேனேஜ்மென்ட்டில் மேக்ஸிமம் பிராசஸர் ஸ்டேட் 100% இருக்க வேண்டும். இதை 99% ஆக்கினாலே பல பிராசஸர்களில் டர்போ பூஸ்ட், அதாவது தேவைப்படும்போது வழக்கமான வேகத்துக்கு மேலே ஏறும் வசதி, நின்றுவிடும். சூடு குறையட்டும் என்று எப்போதோ மாற்றிவிட்டு மறந்துபோனவர்கள் நிறைய பேர், அதனால் இந்த ஒரு இடத்தை மட்டும் கட்டாயம் பாருங்கள். மினிமம் ஸ்டேட்டை 100 ஆக்க வேண்டிய அவசியம் இல்லை.

லேப்டாப் கதை வேறு. சார்ஜர் செருகாமல் விளையாடினால் எந்தப் பிளான் போட்டாலும் பயன் குறைவு, பேட்டரியால் அவ்வளவு மின்சாரம் தர முடியாது என்பதால் கிராபிக்ஸ் சிப்பே அடங்கி ஓடும். பல புது லேப்டாப்களில் பேலன்ஸ்ட் ஒன்றுதான் தெரியும், பயப்பட வேண்டாம், விண்டோஸ் 11இல் செட்டிங்ஸ், சிஸ்டம், பவர் அண்ட் பேட்டரி போய் பவர் மோடை பெஸ்ட் பெர்ஃபார்மன்ஸ் ஆக்குங்கள். லேப்டாப்போடு வரும் கம்பெனி ஆப்பில் டர்போ அல்லது பெர்ஃபார்மன்ஸ் என்று ஒரு மோட் இருந்தால் அதுதான் ஃபேன் வேகத்தையும் வாட்ஸ் வரம்பையும் மாற்றும், விண்டோஸ் பிளானைவிட அதற்கே பலன் அதிகம்.

ஒரு விதிவிலக்கு: ஏஎம்டியின் ரைசன் 9 7950எக்ஸ்3டி மாதிரியான பிராசஸர் வைத்திருப்பவர்கள் பேலன்ஸ்டிலேயே இருங்கள். அதில் கூடுதல் கேஷ் (பிராசஸருக்குள்ளேயே இருக்கும் வேகமான நினைவகம்) ஒரு பாதி கோர்களுக்கு மட்டும்தான், கேமை அந்தப் பக்கம் வைத்திருக்க மற்ற கோர்களை விண்டோஸ் தூங்க வைக்கிறது, ஹை பெர்ஃபார்மன்ஸ் போட்டால் அந்த ஏற்பாடு கெட்டுவிடலாம்.

மாற்றியபின் நம்பிக்கையில் விட்டுவிடாமல் அளந்து பாருங்கள். ஒரே கேம், ஒரே இடம், ஒவ்வொரு பிளானிலும் மூன்று தடவை. சராசரி எஃப்பிஎஸ்ஸைவிட 1% லோ என்ற எண்ணைக் கவனியுங்கள், மிக மெதுவாக வந்த 1% படங்களின் வேகம் அது, திணறல் அதில்தான் தெரியும். ஒரே பிளானின் மூன்று ஓட்டங்களுக்குள் வரும் வித்தியாசத்தைவிடப் பெரிதாக எதுவும் இல்லையென்றால் பேலன்ஸ்டுக்கே திரும்பிவிடுங்கள், மெஷின் சும்மா இருக்கும்போது மின்சாரமும் சூடும் மிச்சமாகும்.