நத்தையில் ஹார்மோன் தேடுவோர் தண்ணீரைக் கவனிக்கவும்

சிங்காநல்லூர் குளத்தில் நத்தை பொறுக்கி வந்து, அரைத்து, எலிசா கிட்டில் (எதிர்ப்பொருளால் ஹார்மோனை அளக்கும் சோதனை) வைத்தால் எஸ்ட்ரடயோல் என்ற பெண் பாலின ஹார்மோனைக் காட்டக்கூடும். "நத்தையே இதைச் சுரக்கிறது" என்று உடனே எழுதிவிடுவதுதான் பெரிய தவறு. கொலஸ்ட்ராலின் பக்கச் சங்கிலியை வெட்டி, ஹார்மோன் தயாரிப்பைத் தொடங்கிவைக்கும் நொதிக்கான மரபணு நத்தை உள்ளிட்ட மெல்லுடலிகளில் கிடைக்கவில்லை. டெஸ்டோஸ்டீரோனை எஸ்ட்ரடயோலாக்கும் அரோமடேஸ் நொதியும் அப்படியே.

பின்னே எங்கிருந்து வந்தது? குளத்தில் சாக்கடை கலக்கிறது. வாய்க்கால் கரையில் மாடு மேய்கிறது. சினைமாட்டுச் சாணியிலும் மூத்திரத்திலும் எஸ்ட்ரடயோல் போன்ற ஈஸ்ட்ரோஜன்கள் உண்டு. தண்ணீரில் இருப்பதை நத்தை உறிஞ்சி, கொழுப்பமிலத்தோடு இணைத்து எஸ்டராகச் சேர்த்து வைக்கும். இது எளிதில் வெளியேறாது. இரண்டு நாள் போர்வெல் தண்ணீரில் விட்டு எடுத்தால் போதும் என்ற கணக்கு செல்லாது. லேபில் முட்டையிலிருந்து வளர்த்த நத்தைகளே வேண்டும். மீன்தூள் கலந்த தீவனத்திலும் ஸ்டீராய்டு (இந்த ஹார்மோன்களின் வகை) வரலாம். வேகவைத்த கீரை நல்லது. தொட்டித் தண்ணீரையும் தீவனத்தையும் சேர்த்தே அளந்துவிடுங்கள்.

எஸ்டரை உடைக்காமல் அளந்தால் தனி ஹார்மோன் மட்டுமே தெரியும், பெரும்பங்கு நழுவிவிடும். 1 கிராம் திசுவுக்கு 2:1 குளோரோஃபார்ம்-மெத்தனால் 20 மி.லி. ஊற்றிப் பிரித்து, 0.9% உப்புநீர் 4 மி.லி. சேர்த்து, அடியில் தங்கும் அடுக்கை எடுங்கள். அதில் ஒரு பகுதியைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கலந்த மெத்தனாலில் சூடாக்கி உடைத்து, உடைத்ததையும் உடைக்காததையும் தனித்தனியே அளக்கவும். டியூட்டீரியம் (கன ஹைட்ரஜன்) ஏற்றிய உள்தரத்தை, அதாவது தெரிந்த அளவில் சேர்க்கும் அதே ஹார்மோனை, அரைப்பதற்கு முன்பே சேர்க்காவிட்டால், வழியில் எவ்வளவு இழந்தோம் என்று கடைசிவரை தெரியாது. எலிசா எண்ணை நம்பி முடிக்காமல் மூலக்கூறுகளைப் பிரித்து நிறையால் அடையாளம் காணும் எல்சி-எம்எஸ்/எம்எஸ் கருவியில் உறுதிசெய்யுங்கள். எதிர்ப்பொருள் வேறு ஸ்டீராய்டையும் பிடித்துக்கொள்ளும்.

கொலஸ்ட்ராலை வெட்டியபின் கிடைக்கும் பிரெக்னெனலோனை நத்தைத் திசுவுக்குக் கொடுத்து, அது புரொஜெஸ்டிரோனாவதைக் காட்டி, "உற்பத்தி நிரூபணம்" என்பார்கள். சந்தேகமே முதல் படியில்தானே? அதைத் தாண்டிய பொருளைக் கொடுத்தால் என்ன நிரூபணமாகும்? ஐசோடோப்பால் குறியிட்ட கொலஸ்ட்ராலிலிருந்து தொடங்குங்கள்.

இனி, நத்தைக்குள் வாழ்ந்து அளவைக் குழப்பும் ஒட்டுண்ணிப் புழு. வயல் வாய்க்காலில் கிடைக்கும் தட்டைச்சுருள் நத்தையான இண்டோபிளானோர்பிஸில் மாட்டுக்குக் குறட்டை நோய் தரும் சிஸ்டோசோமா என்ற தட்டைப்புழு வளரும். லிம்னேயா நத்தையில் கல்லீரல் தட்டைப்புழு. நத்தையைத் தனிக் கண்ணாடியில் குளோரின் நீக்கிய தண்ணீரில் விட்டு, விளக்கடியில் இரண்டு மூன்று மணி நேரம் வைத்தால் வால் முளைத்த லார்வாக்கள் நீந்தி வரும். வராதது எல்லாம் புழுவற்றது என்று ஒப்பீட்டுக்கான கட்டுப்பாட்டுக் குழுவில் சேர்க்காதீர்கள். தொற்று இன்னும் முதிராமல் இருக்கலாம். அதன் செரிமானச் சுரப்பியை நுண்ணோக்கியில் பார்த்தே முடிவுசெய்யவும். லார்வா தோலில் ஏறினால் அரிப்பு எடுக்கும், கையுறை அவசியம்.

தொற்றிய சுரப்பியை அரைக்கும்போது புழுவும் சேர்ந்தே அரைபடும். தட்டைப்புழுவால் கொலஸ்ட்ராலைச் சுயமாகச் செய்ய முடியாது, நத்தையிடமிருந்தே எடுக்கும். ஆகவே ஒரு கிராம் திசுவுக்கு இவ்வளவு ஸ்டீரால் (கொலஸ்ட்ரால் வகைப் பொருள்) என்று தொற்றாத நத்தையோடு ஒப்பிட்டால், அந்த எண் யாருடையது என்று பிரிக்க முடியாது.