ஏஐ ஏஜென்டுக்கு நெட்வொர்க் டூலை எழுதிக் கொடுக்கும் முறை

இலங்கையின் மலையகத்தில், ஹட்டனில் இருந்துகொண்டு ஏழு தேயிலைத் தொழிற்சாலைகளின் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்கிறேன். ஒவ்வொன்றிலும் ஒரு ரவுட்டர், இரண்டு மூன்று சுவிட்ச், கமெரா, ஒபிஸ் கம்பியூட்டர்கள், கொழுந்து நிறுக்கும் டிஜிட்டல் தராசு. போன வருடத்திலிருந்து அன்றாடப் பரிசோதனைகளை ஒரு ஏஐ ஏஜென்ட் செய்கிறது. நான் எழுதிய சின்னச் சின்ன ஸ்கிரிப்டுகள்தான் அதன் டூல்கள். ஏஜென்ட் வாசித்துப் புரிந்துகொள்வதற்காக அவற்றுக்கு விளக்கம் எழுதியபோது நான் விட்ட ஒரு பிழையிலிருந்து தொடங்குகிறேன்.

வீலான் என்பது ஒரே சுவிட்சுக்குள் எண் போட்டுப் பிரித்த தனி நெட்வொர்க். டிரங்க் போர்ட் என்பது பல வீலான்களை ஒரே வயரில் கொண்டுபோகும் போர்ட். அதற்கான ஒரு டூல். "டிரங்கில் வீலானை அமைக்கும்" என்று ஒரே வரிதான் எழுதியிருந்தேன். புதிய தராசுக்கு 40ஆம் வீலானைக் கொடு என்று ஏஜென்டிடம் சொன்னேன். அது டூலைச் சரியாகத்தான் கூப்பிட்டது. ஆனால் அடியில் இருந்த கட்டளை, உள்ள பட்டியலோடு சேர்க்காமல் பட்டியலையே மாற்றிவிடும். 10, 20, 30 மூன்றும் போய் 40 மட்டும் மிஞ்சியது. சுவிட்சைத் தூரத்திலிருந்து திருத்தும் மெனேஜ்மென்ட் வழி இருந்ததோ 10இல். இங்கிருந்து திருத்த வழியில்லை. சுவிட்சில் நேரடியாகச் செருகும் கொன்சோல் வயரை எடுத்துக்கொண்டு, மழையில், தோட்டத்து ரோட்டில் ஒன்றேகால் மணி நேரம் போனேன். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் பெண்கள் கொழுந்துச் சாக்கோடு வரிசையில் நின்றார்கள். கணக்கப்பிள்ளை கையால் நிறையை எழுதிக்கொண்டிருந்தார்.

நானே கட்டளையை அடித்திருந்தால் ‘அட்’ (add, அதாவது சேர்) என்ற சொல்லை என் விரல் தானாகவே போட்டிருக்கும். விரலுக்குத் தெரிந்தது விளக்கத்தில் இல்லை. அதை எழுதி வைப்பதுதான் வேலை.

முதலில் வினைச்சொல். ‘அமைக்கும்’, ‘கையாளும்’, ‘நிர்வகிக்கும்’ ஆகிய மூன்றையும் விட்டுவிடுங்கள். வாசிக்கும், சேர்க்கும், நீக்கும், முழுவதும் மாற்றும் என்று எழுதுங்கள். என் டூலின் விளக்கம் இப்போது இப்படி இருக்கிறது:

"ஒரு டிரங்க் போர்ட்டில் ஒரு வீலானைச் சேர்க்கும். ஏற்கனவே உள்ளவற்றைத் தொடாது. அந்த வீலான் சுவிட்சில் முன்பே இருக்க வேண்டும், இந்த டூல் அதை உருவாக்காது. ரவுட்டர் பக்கம் போகும் அப்லிங்க் போர்ட்டில் பயன்படுத்தாதே, மனிதரிடம் கேள். மாற்றத்தைச் சேமிக்காது, மின்சாரம் போய் வந்தால் பழைய நிலை வரும்."

ஸ்கிரிப்டையும் இரண்டாகப் பிரித்துவிட்டேன். சேர்ப்பதற்கு ஒன்று, பட்டியலை மாற்றுவதற்கு ஒன்று. ஒரே டூலுக்குள் ‘மோட்’ வைத்து இரண்டையும் செய்விப்பது எனக்குப் பிடிக்காது.

அடுத்தது, டூல் ஒன்றும் சொல்லாமல் திரும்பினால் என்ன அர்த்தம் என்பது. பெரும்பாலானோர் எழுதாமல் விடுவது இதைத்தான். சாதனங்களின் நிலையைக் கேட்டறியும் முறையான எஸ்.என்.எம்.பி., போய்ச் சேர்ந்ததா என்று உறுதி செய்யாத யூ.டி.பி.யின் 161ஆம் போர்ட்டில் போகிறது (இது வயர் செருகும் போர்ட் அல்ல, வெறும் எண்). அதன் டூ-சி பதிப்பில், கடவுச்சொல் போன்ற கம்யூனிட்டிச் சொல் பிழையானால் சாதனம் பொதுவாகப் பதிலே சொல்லாது. கரண்ட் இல்லாவிட்டாலும் பதில் இல்லை, நடுவில் ஃபயர்வோல் தடுத்தாலும் பதில் இல்லை. இதை எழுதாவிட்டால், பதில் வராததைக் கண்டு ஏஜென்ட் "சுவிட்ச் பழுது" என்று அறிக்கை தரும். எங்கள் பக்கம் இடி மழைக்குக் கரண்ட் போவது புதிதா? அதனால் டூல் மூன்று விதமாகப் பதில் சொல்லும்படி மாற்றினேன்: சாதனம் பதில் தந்தது, ஆனால் பட்டியல் வெறுமை. சாதனம் பதிலே தரவில்லை. சாதனம் பதில் தந்தது, போர்ட் விழுந்திருக்கிறது. இரண்டாவது வந்தால் "முதலில் அதே இடத்து ரவுட்டரைக் கேள். அதுவும் பேசாவிட்டால் மின்தடையாக இருக்கலாம், எதையும் மாற்றாதே" என்று விளக்கத்திலேயே எழுதினேன்.

அளவுகள். என் அம்மா கொழுந்து பறித்தவர். துண்டில் 18 என்று இருந்தால், சாக்குக்கும் ஈரத்துக்கும் கழித்த பிறகா, கழிக்கும் முன்பா என்று வீட்டில் தினமும் பேச்சு நடக்கும். வெறும் எண் ஒருவருடைய கூலியையே மறைத்துவிடும். நெட்வொர்க்கிலும் அப்படித்தான். போர்ட்டில் ஓடும் தரவுக்கான இண்டர்ஃபேஸ் கவுன்டர் எண்ணுவது பைட்டை, நாம் பேசுவது பிட்டை, எட்டு மடங்கு வித்தியாசம். எவ்வளவு நேரமாக ஓடுகிறது என்று சொல்லும் சிஸ்-அப்-டைம் நூறில் ஒரு விநாடிக் கணக்கு. 32 பிட் கவுன்டரோ, முழு வேகத்தில் ஓடும் 1 ஜிகாபிட் லிங்கில் ஏறத்தாழ 34 விநாடியில் நிரம்பி மறுபடி பூச்சியத்துக்கு வந்துவிடும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வாசித்தால் வரும் எண் பொய். 64 பிட் கவுன்டரை வாசித்து, அலகையும் பெயரிலேயே சேர்த்துவிடுங்கள்.

போர்ட்டைக் குறிக்க, சாதனம் தானாகக் கொடுக்கும் இஃப்-இண்டெக்ஸ் எண்ணைக் கேட்காதீர்கள். சாதனம் ரீபூட் ஆனால் அது மாறக்கூடும். பெயரைக் கேளுங்கள். உதாரண முகவரிக்கு 192.0.2 வரிசையைப் போடுங்கள், ஆவணங்களுக்கென்றே ஒதுக்கப்பட்டது அது. உதாரணத்தில் உள்ளதை ஏஜென்ட் அப்படியே எடுத்துப் பயன்படுத்தினாலும் யாருடைய கருவிக்கும் சேதமில்லை. கடவுச்சொல் எதையும் விளக்கத்தில் எழுதக் கூடாது.

ஏஐயோடு டூல்களை இணைக்க ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்ட எம்.சி.பி. முறையைப் பயன்படுத்துகிறவர்கள், டூல் வாசிக்க மட்டுமா, அழிக்கக்கூடியதா என்ற குறிப்புகளை இப்போது வைக்கலாம். வையுங்கள். ஆனால் அந்தக் குறிப்பு பூட்டு ஆகாது. பூட்டு சாதனத்திலேயே இருக்க வேண்டும். என் ஏஜென்டுக்கு வாசிக்க மட்டும் ஒரு கணக்கு, மாற்றம் செய்ய வேறொரு கணக்கு. இரண்டாவதை நான் ஒவ்வொரு முறையும் கையால் திறந்துவிடுகிறேன்.

மாற்றம் செய்யும் டூலுக்கு, திரும்பி வரும் வழியையும் எழுதுங்கள். சாதன அமைப்புகளை மாற்றும் முறையான நெட்கொன்ஃபில் ‘கன்ஃபர்ம்ட் கமிட்’ உண்டு. குறித்த நேரத்துக்குள் உறுதி செய்யாவிட்டால் பழைய நிலை தானாக வரும். இயல்பாக அது 600 விநாடி. அன்றைக்கு அப்படியொன்று இருந்திருந்தால் அந்தப் பெண்கள் மழையில் நின்றிருக்க மாட்டார்கள்.

எழுதி முடித்ததும் ஏஜென்டிடம் கொடுக்குமுன், புதிதாக வேலைக்கு வந்த ஒருவரிடம் கொடுங்கள். நீங்கள் வாய் திறக்கக் கூடாது. எங்களிடம் பயிற்சிக்கு வந்த தங்கச்சி முக்கால் மணி நேரம் வாசித்துவிட்டு, "அண்ணே, போர்ட் நிலை 1 மேலே, 2 கீழே, சரி. இங்கே 7 என்று வருதே, அது என்ன?" என்று கேட்டாள். இந்தப் போர்ட் நம்பியிருக்கும் கீழ் அடுக்கு விழுந்ததால் இதுவும் விழுந்தது என்று அர்த்தம். 1 முதல் 7 வரை ஏழையும் அன்றைக்கே விளக்கத்தில் எழுதினேன்.