சபையின் தரிசனத்தை ஜெபித்துக் கண்டுகொள்வது எப்படி? முதல் தடவை செய்பவர்களுக்கு

சில வருடங்களுக்கு முன்னால் பெரம்பூர்ப் பக்கம் உள்ள எங்கள் சபையில், ஒரு சனிக்கிழமை மத்தியானம் கமிட்டி கூடி இரண்டு மணி நேரத்தில் தரிசன வாக்கியம் எழுதி, மறுநாளே ஃபிளெக்ஸ் அடித்து ஆலய வாசலில் கட்டிவிட்டோம். ஆறு மாதம் கழித்து அதில் என்ன இருந்தது என்று எங்களில் ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. முடிவை நாங்களே எடுத்துவிட்டு, ஆண்டவரே இதை ஆசீர்வதியும் என்று கடைசியில் ஒரு ஜெபம் செய்திருந்தோம், அவ்வளவுதான். இரண்டாவது தடவை ஐந்து மாதம் எடுத்துக்கொண்டோம். அதில் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு வித்தியாசம். அருட்பணி, அதாவது எல்லா ஜனங்களையும் சீஷராக்கும் வேலை, எல்லாச் சபைக்கும் பொது, மத்தேயு 28-ம் அதிகாரக் கடைசியில் இயேசுவே அதைச் சொல்லிவிட்டார், நாம் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. தரிசனம் என்பது இந்தத் தெருவில், இந்த ஜனங்களை வைத்து, அடுத்த மூன்று நாலு வருடத்தில் அவர் நம்மிடம் என்ன எதிர்பார்க்கிறார் என்பது. தேட வேண்டியது இதைத்தான்.

படி 1: ஆட்களைச் சேருங்கள்

எட்டு முதல் பத்துப் பேர் போதும், ஆனால் எல்லாரும் கமிட்டி ஆட்களாக இருக்கக் கூடாது. அப்போஸ்தலர் 13-ல் அந்தியோகியா சபையில் கூடி ஜெபித்தவர்களின் பட்டியலைப் பாருங்கள்: சீப்புரு தீவைச் சேர்ந்த பர்னபா, நீகர் என்னப்பட்ட சிமியோன், சிரேனே ஊரான் லூகி, ஏரோதுவுடன் வளர்ந்த மனாயீன், அப்புறம் சவுல். எங்கெங்கிருந்தோ வந்த ஐந்து பேர். நாங்கள் பெண்கள் ஐக்கிய சங்கத்திலிருந்து இரண்டு பேர், வாலிபர் ஐக்கியத்திலிருந்து ஒரு தம்பி, ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் ஓய்வு பெற்ற ஒரு பெரியவர், ஆலயத்தைப் பெருக்கும் அக்கா, வந்து ஒரு வருடம்கூட ஆகாத ஒரு குடும்பம் என்று அழைத்தோம். பாஸ்டர் ஐயா கண்டிப்பாக இருக்க வேண்டும், ஆனால் அவர் கடைசியாகத்தான் பேச வேண்டும், ஏனென்றால் ஐயா ஒன்றைச் சொல்லிவிட்டால் அதற்கு மேல் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள்.

படி 2: ஜெபம்

வாரம் ஒரு மாலை, ஒரு மணி நேரம். ஒரு வேதபகுதியை நிதானமாக வாசியுங்கள். பிறகு பதினைந்து நிமிடம் யாரும் பேசக் கூடாது. உரத்த சத்தமாக ஜெபித்தே பழகிய நமக்கு இந்த மௌனம் முதல் இரண்டு வாரம் ரொம்பக் கஷ்டம், ஃபேன் சத்தம் மட்டும் கேட்கும், ஒருவர் இருமுவார், இன்னொருவர் கடிகாரத்தைப் பார்ப்பார். விட்டுவிடாதீர்கள். மூன்றாவது வாரத்தில் எங்கள் குழுவில் ஒரு அம்மா அந்த மௌனத்திலேயே அழ ஆரம்பித்தார், அதுவரை யாரிடமும் சொல்லாத ஒரு பாரத்தைச் சொன்னார்.

மௌனத்துக்குப் பிறகு ஆளுக்கு ஒரு வாக்கியம், மனதில் பட்டதை மட்டும். அதற்குப் பதிலோ விவாதமோ கூடாது. ஒருவர் எல்லாவற்றையும் நோட்டில் தேதி போட்டு, சொன்னவர் சொன்ன வார்த்தையிலேயே எழுத வேண்டும். அழகுபடுத்தி எழுதினால் பின்னால் பிரயோஜனப்படாது. முடிந்தவர்கள் அன்று ஒரு வேளை உபவாசம் இருக்கலாம், சர்க்கரை உள்ளவர்களைக் கட்டாயப்படுத்தாதீர்கள்.

எவ்வளவு நாள்? எருசலேமின் மதில் இடிந்து கிடக்கிற செய்தியைக் கேட்டதிலிருந்து, நெகேமியா தான் வேலை செய்த பாரசீக ராஜாவிடம் வாய் திறக்க ஏறக்குறைய 4 மாதம் ஆனது. மூன்று மாதத்துக்குக் குறையாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 3: தெருவில் நடங்கள்

இதைத் தவிர்த்துவிட்டால் மற்றதெல்லாம் வீண் என்றே நினைக்கிறேன். நெகேமியாவும் ராத்திரியில் சிலரைக் கூட்டிக்கொண்டு இடிந்த மதிலைச் சுற்றிப் பார்த்த பிறகுதான் கட்டுவோம் வாருங்கள் என்றார். ஆலயத்தைச் சுற்றி ஒரு கிலோமீட்டர், இரண்டு இரண்டு பேராக, காலை ஆறு மணிக்கு ஒரு நாள், இரவு எட்டு மணிக்கு ஒரு நாள் நடந்து பாருங்கள். கைப்பிரதி எடுத்துப் போகாதீர்கள், இது கொடுக்கப் போகிற நடை இல்லை. டீக்கடையில் நில்லுங்கள், இஸ்திரி போடுகிறவரிடம் பேசுங்கள். "இங்கே உங்களுக்கு எது ரொம்பச் சிரமமாக இருக்கிறது?" என்ற ஒரே கேள்வி போதும். மழை வந்தால் கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்பது எங்களுக்கு முன்பே தெரியும். ஆலயத்துக்கு இரண்டு தெரு தள்ளி, பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, தனியாக இருக்கும் பெரியவர்கள் எத்தனை பேர் என்பது நடந்து பார்த்த பிறகுதான் தெரிந்தது. ஒரு தாத்தா எங்களை அரை மணி நேரம் விடவே இல்லை, பேச ஆள் கிடைத்த சந்தோஷம் அவருக்கு.

படி 4: கையில் இருப்பதைப் பாருங்கள்

மூன்று வருடக் கணக்குப் புத்தகத்தை எடுத்து, காணிக்கை எதற்குப் போயிருக்கிறது என்று கூட்டிப் பாருங்கள். சபையில் நர்ஸ் எத்தனை பேர், டீச்சர் எத்தனை பேர், பகலில் நேரம் இருப்பவர்கள் யார் என்றும் எழுதிக்கொள்ளுங்கள்.

படி 5: பகுத்தறிதல்

நோட்டில் இருப்பதையெல்லாம் சீட்டு சீட்டாக எழுதித் தரையில் பரப்புங்கள். திரும்பத் திரும்ப வருவது எது? ஜெபத்திலும் வந்து, தெருவிலும் கண்ணில் பட்டு, அதைச் செய்ய ஆட்களும் நம்மிடம் இருந்தால், அங்கே நின்று இன்னும் ஜெபியுங்கள். ஓட்டெடுப்பு வேண்டாம், தோற்றவர்கள் என்று ஒரு கூட்டம் உண்டாகிவிடும். எருசலேமில் கூடின அப்போஸ்தலரும் மூப்பரும் நிறைய விவாதித்த பிறகுதான் "பரிசுத்த ஆவிக்கும் எங்களுக்கும் நலமாகக் கண்டது" என்று எழுத முடிந்தது. ஒருவருக்கு மனது ஒப்பவில்லை என்றால் ஏன் என்று பொறுமையாகக் கேளுங்கள், சில சமயம் அவர்தான் சரியாக இருப்பார். மனது சோர்ந்து இருண்டிருக்கும் நேரத்தில், முன்பு எடுத்த தீர்மானத்தை மாற்றாதே என்று இயேசு சபைத் துறவிகளின் சபையை நிறுவிய லொயோலா இக்னேஷியஸ் 16-ம் நூற்றாண்டிலேயே சொல்லியிருக்கிறார். சபையில் சண்டை நடக்கிற சமயத்துக்கும் இது பொருந்தும்.

படி 6: எழுதுங்கள்

இரண்டு வாக்கியம். ஆபகூக் தீர்க்கதரிசியிடம் தரிசனத்தைப் பலகையில் தெளிவாக எழுதச் சொன்னதே வாசிக்கிறவனுக்குப் புரிய வேண்டும் என்றுதான். எங்களுடையது: "நம் ஆலயத்தைச் சுற்றித் தனியாக வாழும் பெரியவர்கள் யாரும், எந்த மதத்தவராக இருந்தாலும், ஒரு வாரம்கூட விசாரிப்பார் இல்லாமல் இருக்கக் கூடாது. கிறிஸ்துவின் அன்போடு அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டுவோம்." ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளிடம் வாசித்துக் காட்டி, என்ன புரிந்தது என்று கேட்டோம். அவர்கள் சொன்னதை வைத்து இரண்டு வார்த்தையை மாற்றினோம்.

படி 7: ஆறு மாதம் சின்னதாகச் செய்து பாருங்கள்

உடனே பெரிய திட்டம், கட்டிட நிதி என்று இறங்க வேண்டாம். பவுலுக்கே ஆசியா என்ற ரோம மாகாணத்தில் வழி அடைக்கப்பட்டது, பித்தினியாவிலும் அடைக்கப்பட்டது, அதற்குப் பிறகுதான் மக்கெதோனியா தரிசனம் வந்தது. நாங்கள் பதினோரு வீடுகளோடு ஆரம்பித்தோம், வீட்டுக்கு இரண்டு பேர், வாரம் ஒரு நாள். போய் வந்தவர்கள் அதே பழைய நோட்டில் எழுதுகிறார்கள், வியாழக்கிழமை ஜெபத்தில் அதை வாசித்துத்தான் ஆரம்பிக்கிறோம்.